ஏழு வாரமாகச் சாப்பிடாத சிலந்தி

தம்பி, முதலில் எழுந்துபோய் அந்தப் பெட்டிக்குள் உலவுகிற இரண்டு சுவர்க்கோழிகளையும் பிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

எடுத்தாயிற்றா? நல்லது. நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் சிலி ரோஸ் வகை டரன்டுலா, அதாவது மயிரடர்ந்த பெரிய சிலந்தி ஒன்று இருக்கிறது. காலை விரித்தால் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். பெயர் வீரன். ஏழு வாரமாக எதையும் தின்னவில்லை. வயிற்றின் மேல்புறத்தில் மயிர் உதிர்ந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்த வழுக்கை இப்போது கறுத்துவிட்டது. முந்தநாள் தொடக்கம் தரையில் பாய் விரித்ததுபோல வெள்ளையாக வலை பின்னுகிறது. 'சாகப் போகிறது, எங்காவது மரத்தடியில் விட்டுவிட்டு வா' என்கிறார் அம்மா. ஊசி கழற்றிய சிரிஞ்சால் வாயில் தண்ணீர் விடச் சொல்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதையும் கேட்கவேண்டாம். வீரன் சட்டை கழற்றப் போகிறது.

நம்முடைய வீடுகளில் ஓர் உயிர் ஒருவேளை சாப்பிடாவிட்டாலே அடுப்படி கலங்கிவிடும். அந்தப் பதற்றத்தைச் சிலந்தியிடம் கொண்டுபோகக்கூடாது. அதன் உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது. அசையாமல் இருக்கும் நேரத்தில் அது செலவழிக்கும் சக்தி மிகக் குறைவு. சிலியின் வறண்ட புதர்க்காடுகளிலிருந்து வந்த இந்த வகையோ டரன்டுலா வளர்ப்பவர்கள் நடுவே பட்டினிக்குப் பேர்போனது. நன்றாக வளர்ந்த பெண் சிலந்தி பல மாதம் தின்னாமல் இருப்பது சாதாரணம். ஒரு வருடத்தைத் தாண்டியவையும் உண்டு. ஏழு வாரம் என்பது அதற்கு ஒரு ஏகாதசி விரதம்.

சட்டை கழற்றுவது என்றால் பாம்பு உரிப்பதுபோல மேல்தோல் மட்டும் போவதாக நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் புறவன்கூடு என்று படித்திருப்பீர்கள். சிலந்திக்கு எலும்பு அதுதான், தோலும் அதுதான். அது விரியாது. ஆகவே உள்ளே புதிய கூடு ஒன்றை மடிப்பு மடிப்பாக உருவாக்கிக்கொண்டு, பழையதை முழுவதுமாகக் கழற்றி எறியவேண்டும். கால் நுனி நகம், நச்சுப்பல், கண்களை மூடியிருக்கும் வில்லை, மூச்சுவிடும் ஏட்டு நுரையீரலின் உட்பக்கத் தாள்கள், உறிஞ்சும் இரைப்பையின் உள்ளுறை வரைக்கும் எல்லாம் பழைய சட்டையோடு வெளியே வரும். கையுறையைக் கழற்றும்போது நகமும் தொண்டையின் உட்தோலும் சேர்ந்து வருவதாக நினைத்துப்பாருங்கள். இந்த வேலை நடக்கும்போது சாப்பிட முடியுமா? புதிய பல்லும் புதிய இரைப்பை உறையும் பழையவற்றுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் தானாகவே வாயை மூடிக்கொள்கிறது.

வழுக்கை கறுத்ததும் இதனால்தான். நீங்கள் பார்ப்பது அழுகலோ காயமோ இல்லை. மெல்லிய பழைய தோலுக்குக் கீழே முளைத்திருக்கும் புதிய கறுப்பு மயிர் நிழலாகத் தெரிகிறது. கூடவே வயிறு பருத்துப் பளபளக்கும், உடம்பு நிறம் மங்கிப் பழைய கம்பளம்போல் ஆகும், நடை சோம்பும். தரையில் விரித்த வெள்ளைப் பாய் கடைசி அறிகுறி. அதன்மேல்தான் படுக்கப்போகிறது. பாய் விரித்தபிறகு சில மணித்தியாலத்தில் நடக்கலாம், இரண்டொரு நாளும் ஆகலாம்.

இனி வரப்போவதுதான் வீட்டில் கூச்சலைக் கிளப்பும். வீரன் மல்லாந்து படுக்கும். எட்டுக் காலும் மேலே பார்த்தபடி இருக்கும், அசைவு இருக்காது. 1998இல் ரொறன்ரோவில் என் முதல் சிலந்தி அப்படிப் படுத்தபோது, செத்துவிட்டது என்று நினைத்து ஒரு கரண்டியால் புரட்டி நேராக்கிவிட்டேன். அது திரும்பவும் மல்லாந்தது. திரும்பவும் புரட்டினேன். பிறகு ஒரு கால் பழைய சட்டைக்குள் சிக்கியதைக் கண்டு, உதவுவதாக எண்ணி இடுக்கியால் மெதுவாக இழுத்தேன். காலின் அடியிலிருந்து நீலம் தட்டிய நீர் கசிந்தது. சிலந்தியின் குருதியில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதால் அதற்கு நீலச்சாயல் உண்டு என்று அதுவரை புத்தகத்தில் மட்டும் படித்திருந்தேன். அன்றிரவே அது இறந்துவிட்டது. விலங்கியல் படித்தவன் என்ற பெருமையெல்லாம் ஒரு கரண்டியோடு போயிற்று.

சாகிற சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து படுக்காது. நிமிர்ந்தபடியே கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, மூடிய கைவிரல்கள்போலச் சுருண்டுகொள்ளும். அதற்குக் காரணம் உண்டு. காலை மடக்கத் தசை இருக்கிறது. ஆனால் முக்கியமான சில மூட்டுகளை நீட்டும் தசை இல்லை. குருதி அழுத்தத்தால்தான் அவை நீளுகின்றன. உடம்பில் நீர் வற்றி அழுத்தம் குறைந்தால் கால்கள் தாமே மடங்கிவிடும். ஆகவே கீழே சுருண்டால் தண்ணீர் காட்டுங்கள், மல்லாந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இந்த ஒன்றை அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது அவர்தானே வீட்டில் இருப்பார்.

மல்லாந்த பிறகு நடப்பதும் அதே அழுத்தத்தின் வேலைதான். பழைய கூட்டுக்கும் புதியதற்கும் இடையே ஒரு நீர் சுரந்து இரண்டையும் பிரித்துவைத்திருக்கும். இதயத் துடிப்பு கூடி, வயிற்றிலுள்ள குருதி முன்பக்கத்துக்குத் தள்ளப்படும். தலையும் நெஞ்சும் ஒன்றாயிருக்கும் முன்னுடம்பான தலைநெஞ்சின் மேல் ஓடு ஓரத்தில் கிழிந்து, பேணி மூடிபோலத் திறக்கும். வயிற்றுத் தோல் பக்கவாட்டில் பிளந்து சுருங்கும். பிறகு கால்களை இழுக்கும் நீண்ட வேலை. சில விநாடிக்கு ஒருமுறை உடம்பு மெல்லத் துடிக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் கால் ஓரிரு மில்லிமீற்றர் வெளியே வரும். குஞ்சுகள் கால் மணித்தியாலத்தில் முடித்துவிடும். வீரன் அளவுக்குப் பல மணித்தியாலம் எடுக்கலாம். அவ்வளவு நேரமும் மின்குமிழை அணைத்து, மேசையைத் தட்டாமல், பெட்டியைத் திறக்காமல் இருங்கள். வீடியோ எடுக்க விரும்பினால் தொலைபேசியை முன்கூட்டியே நிறுத்திவைத்து விலகிவிடுங்கள்.

சுவர்க்கோழியை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். மல்லாந்து கிடக்கும் சிலந்தியால் ஒரு பூச்சியைக்கூட விரட்ட முடியாது. அதன் உடம்பு அப்போது வேகவைத்த முட்டைபோல மென்மையானது. பசித்த சுவர்க்கோழி அதைக் கடித்துத் தின்னத் தொடங்கிவிடும். இரையாக வந்தது வேட்டைக்காரனைத் தின்றுவிட்டுப் போன பெட்டிகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். எறும்பும் அப்படித்தான். கொழும்பு மாடி வீடுகளில் எறும்பு எந்தச் சுவரிலிருந்து வரும் என்று சொல்லமுடியாது. சீனிப் போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல, பெட்டியை நான்கு சிறு கட்டைகளில் உயர்த்தித் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். எறும்பு மருந்து, சோக் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

மருந்து என்றதும் அடுத்தது வருகிறது. டெங்குக்காக ஒழுங்கைக்குள் புகை அடிக்க வரும்போது நுளம்புக்குச் சொல்லப்பட்ட விஷம் சிலந்திக்கும் விஷம்தான். சத்தம் கேட்டவுடன் யன்னலை மூடி, பெட்டியைக் குளியலறைக்குள்ளோ உள்ளறைக்குள்ளோ கொண்டுபோய்க் கதவிடுக்கில் ஈரத்துணி வைத்துவிடுங்கள். நுளம்புச்சுருள் எரியும் அறையிலும் வைக்கக்கூடாது. இதே காரணத்தால்தான் சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடவேண்டாம் என்கிறேன். அது எந்த வீட்டுத் தெளிமருந்தை நக்கிவிட்டு வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சிக்கல் வந்தால் என்ன செய்வது? பெரும்பாலும் வராது. ஒரு கால் வெளியே வராமல் பல மணித்தியாலம் அப்படியே நின்று, துடிப்பும் ஓய்ந்துவிட்டால் மட்டும், மெல்லிய சித்திரத் தூரிகையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்து, சிக்கிய இடத்தை நனைத்துவிடுங்கள். இழுக்காதீர்கள். தாங்க முடியாவிட்டால் சிலந்தியே அந்தக் காலைக் கழற்றிவிடும், அடுத்தடுத்த சட்டைகளில் புதிய கால் வளர்ந்துவிடும். குருதி கசிந்தால் சோளமாவை அந்த இடத்தில் ஒற்றுங்கள். சிரிஞ்சு வைத்தியம் வேண்டவே வேண்டாம். சட்டை கழற்றும் சிலந்தியின் வாயில் தண்ணீர் விடுவது, சத்திரசிகிச்சை மேசையில் கிடப்பவருக்குப் பால்தேநீர் ஊட்டுவது மாதிரி.

ஈரப்பதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்நாடுகளில் வளர்ப்பவர்கள் ஹீட்டர், தண்ணீர்த் தெளிப்பான் என்று பாடுபடுகிறார்கள். அதைப் பார்த்து நாமும் செய்தால் சிலந்தியைக் கொன்றுவிடுவோம். கொழும்பில் வருடம் முழுவதும் 27, 28 பாகை செல்சியஸ் சராசரி வெப்பம், கடற்காற்றின் ஈரம். இது வீரனுக்குத் தேவைக்கு மேல். தும்புச்சோற்றை நன்றாகக் கழுவி உப்பைப் போக்கி, உலர்த்தி, நாலைந்து அங்குலத்துக்கு நிரப்புங்கள். ஒரு மூலையில் ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் போதும். அதற்குள் பஞ்சு வைக்கச் சொல்வார்கள், அது கிருமிக் கூடம். மே மாதத்தில் மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சணம்தான் பிரச்சினை, அப்போது காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பெட்டி குளிரூட்டிய அறையில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஏசி காற்றை உலர்த்திவிடும். அங்கே கிண்ணத்தைப் பெரிதாக்கி, கிண்ணத்தைச் சுற்றியுள்ள தும்பைச் சிறிது நனைத்துவையுங்கள். சிலந்தியின்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

சரி, சட்டை கழன்றுவிட்டது. பெட்டிக்குள் இரண்டு சிலந்தி கிடப்பதுபோல இருக்கும். ஒன்று வெறும் கூடு. மற்றது புதுப்பட்டுடுத்திய மாப்பிள்ளைபோல மினுங்கும். உடனே சாப்பாடு போட்டுக் கொண்டாட உங்களுக்குக் கை துருதுருக்கும். பொறுங்கள். அதன் நச்சுப்பற்கள் அப்போது பால்வெள்ளையாக, பிளாஸ்டிக்கைப்போல வளையக்கூடியவையாக இருக்கும். பிறகு செம்மையாகி, கடைசியில் கறுக்கும். கறுத்தபிறகுதான் கடிக்க முடியும். இந்த அளவுச் சிலந்திக்கு இரண்டு வாரம் விடுங்கள். அதற்குமுன் ஓடித்திரியும் இரை போட்டால் பல் வளைந்துவிடும், அடுத்த சட்டைவரை அதே கோணல் பல்தான். தண்ணீர் மட்டும் முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். இழந்த நீரை ஈடுசெய்ய, கிண்ணத்தில் தலைநெஞ்சைப் புதைத்துக் குடிப்பதைக் காண்பீர்கள்.

முதல் விருந்து சிறியதாக இருக்கட்டும். வயிற்றின் நீளத்தைவிடச் சிறிய சுவர்க்கோழி ஒன்று. கொழும்பில் அரோவனா மீனுக்கும் பறவைக்கும் தீனி விற்கும் கடைகளில் சுவர்க்கோழியும் மாவுப்புழுவும் கிடைக்கும். மாவுப்புழுவைப் போடுவதானால் தலையை நசுக்கிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் தும்புக்குள் புகுந்துகொண்டு, அடுத்த சட்டைக்காலத்தில் வண்டாக வெளியே வரும். வாங்கிய சுவர்க்கோழிக்கு ஓரிரண்டு நாள் கரட்டும் கீரையும் கொடுத்து வளர்த்துப் போட்டால் அந்தச் சத்து சிலந்திக்குப் போகும். கல்சியம் தூள் தூவும் பழக்கம் ஓணான் வளர்ப்பவர்களுடையது, எலும்பில்லாத பிராணிக்கு அது எதற்கு?

சாப்பிடும் விதத்தை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கண் எட்டு இருந்தாலும் பார்வை மட்டம். காலிலுள்ள மயிர்களால் அதிர்வை உணர்ந்துதான் பாயும். பிடித்தபிறகு சிலவேளை ஒரே இடத்தில் நின்று சுற்றிச்சுற்றி ஆடியபடி வலையால் இரையைக் கட்டும். அதற்குப் பல்லால் மெல்லத் தெரியாது. சமிபாட்டு நீரை இரையின்மேல் உமிழ்ந்து, பிசைந்து, கரைந்த கூழை உறிஞ்சும். அதாவது சமையலும் சமிபாடும் வயிற்றுக்கு வெளியே. முடிவில் கால், இறகு எல்லாம் சேர்ந்த ஓர் உருண்டையைத் துப்பிவிடும். அதை அடுத்த நாளே எடுத்துவிடுங்கள். நம் காலநிலையில் அது இரண்டே நாளில் பூஞ்சணமும் உண்ணியும் சின்ன ஈயுமாகக் குடித்தனம் நடத்தும்.

அதன்பிறகு பத்துப் பதினான்கு நாளுக்கு ஒன்று போதும். தின்னாத இரையை மறுநாள் எடுத்துவிடவேண்டும். குஞ்சு வளர்ப்பவர்கள் வாரம் இருமுறை கொடுக்கலாம், அவை சில வாரத்துக்கு ஒருமுறை சட்டை மாற்றி வளரும். வளர்ந்த பெண் சிலந்தி வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் மெதுவாகவோதான் மாற்றும். கொழுத்த வயிறு அழகென்று அடிக்கடி ஊட்டாதீர்கள். அந்த வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன். ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடலாம். கையில் எடுத்து நண்பர்களுக்குக் காட்டும் ஆசையையும் இதனால்தான் விடச் சொல்கிறேன். போதாததற்கு, அமெரிக்கக் கண்டத்து வகைகளில் பெரும்பாலானவை பின்னங்காலால் வயிற்று மயிரைத் தேய்த்துப் பறக்கவிடும். வீரனுக்கு வழுக்கை விழுந்ததே அதனால்தான். அந்த மயிர் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் கண் வைத்தியரிடம் ஓடவேண்டும். பெட்டியைத் துப்புரவு செய்தபிறகு கை கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். பல்லி, எலிக்குஞ்சு போடுவதைச் சிலர் வீரமாகப் படமெடுத்துக் காட்டுகிறார்கள். தேவையில்லாத கொடுமை, சிலந்திக்கும் ஆபத்து.

மரத்தடியில் விடும் யோசனைக்கு வருகிறேன். சிலியின் உயிரை விகாரமகாதேவிப் பூங்காவில் விடுவது அதற்கும் நல்லதில்லை, இந்த மண்ணுக்கும் நல்லதில்லை. வெளிநாட்டு உயிரினத்தைக் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். கடைக்காரரிடம் அதற்கான பத்திரத்தைக் கேட்டிருக்கவேண்டியது வாங்குமுன்பே. இனியாவது கேளுங்கள், இல்லையென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் நேரே போய் விசாரியுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், வவுனியாவில் மாமா வீட்டு மரப்பொந்தில் புலிமுகச் சிலந்தி ஒன்று இருக்கிறது, அதையும் கொண்டுவந்து வீரனுக்குப் பக்கத்தில் வளர்க்கலாமா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறீர்கள். கொண்டுவராதீர்கள். சிங்களத்தில் திவி மகுளுவா எனப்படும் அந்தப் பொயிசிலோதீரியா பேரினத்து டரன்டுலாக்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்பவை. முதிர்ந்த மரத்தின் பொந்துதான் அவற்றின் வீடு, மரம் போனால் அவையும் போகும். நம் வடபகுதியிலிருந்தே ஓர் இனம் 2012இல்தான் விவரிக்கப்பட்டு, ராஜேயி என்று பெயர் பெற்றது. அந்த முழுப் பேரினத்தின் சர்வதேச வணிகமும் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இன்னொன்று, இவற்றுக்குப் பறக்கவிடும் மயிர் கிடையாது. ஆகவே தற்காப்புக்குக் கடிதான். கடித்தால் உயிர் போகாது, ஆனால் கடும் வலியோடு தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வந்து வந்து போகும். மாமாவிடம் அந்தப் பொந்தை அடைக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இனி ஒரே ஒரு வேலை. கழற்றிய சட்டையை எறிந்துவிடாதீர்கள். காய்ந்தால் அப்பளமாகிவிடும். சவர்க்காரம் ஒரு துளி விட்ட தண்ணீரில் சில மணித்தியாலம் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை இரண்டு பல்குத்தியால் மெதுவாக விரியுங்கள். உட்பக்கத்தில் வெள்ளைத் திட்டாக நான்கு ஏட்டு நுரையீரல் உறைகள் தெரியும். முன் இரண்டுக்கும் நடுவே ஓடும் பள்ளத்தின் விளிம்பில் சிறு மடல்போல ஏதாவது நிமிர்ந்து நிற்கிறதா என்று கைவில்லையால் பாருங்கள். அது விந்தைச் சேமித்துவைக்கும் பை. இருந்தால் பெண், உங்களோடு இருபது வருடம்கூட இருக்கும். இல்லாமல், புதிய உடம்பில் முன்னங்கால்களின் அடியில் கொக்கியும், வாய்ப்பக்கத்தில் கால்போல நீட்டியிருக்கும் உணர்கால் நுனியில் குத்துச்சண்டைக் கையுறைபோன்ற குமிழும் முளைத்திருந்தால் முதிர்ந்த ஆண். அது பெரும்பாலும் அதன் கடைசிச் சட்டை. அதன்பிறகு துணை தேடிப் பெட்டியைச் சுற்றிச்சுற்றி நடக்கும், சாப்பாட்டில் நாட்டம் குறையும், ஓரிரு வருடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பட்டினிக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் கால்களின் தடிப்பையும் வயிற்றின் அளவையும் பார்த்தால் எனக்குப் பெண் என்றுதான் படுகிறது. சட்டையை விரித்துப் படமெடுத்து அனுப்புங்கள். வீரன் என்ற பெயரை அதுவரை அப்படியே வைத்திருக்கலாம்.